சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள், பெர்மிட்டில் மொத்தமாகக் கையெழுத்துக் கேட்கிறார்கள். சேஃப்டி கோர்ஸ் போனால் போதுமா?

ஆலங்குடிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ரூமில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், அதனால்தான் இங்கே வந்தேன்.

சிங்கப்பூர் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கம்பி கட்ட வந்தவன், அப்புறம் ஷட்டர் வேலை (காங்கிரீட் ஊற்றப் பலகை அடிப்பது), நடுவில் சிக்னல்மேன் கோர்ஸ் முடித்து இரண்டு வருடம் கிரேனுக்குக் கீழே நின்றேன். போன மாதம் எங்கள் சூப்பர்வைசர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். பாஸ் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் நீதான் பார்த்துக்கணும் என்று சொல்லிவிட்டார். சம்பளத்தில் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூட்டினார். எனக்குக் கீழே 14 பேர். ஆறு பேர் நம் ஊர்ப் பக்கம், ஏழு பேர் பங்களாதேஷ், ஒரு சீன அங்கிள். அங்கிளுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும், யார் எது சொன்னாலும் தலையாட்டுவார், செய்வது தன் இஷ்டம்தான்.

இப்போது விஷயம். இன்னும் இரண்டு வாரத்தில் என்னைச் சூப்பர்வைசர் சேஃப்டி கோர்ஸுக்கு அனுப்புகிறார்கள். அதற்கு முன்னாடியே, உயரத்தில் வேலை செய்வதற்கான பெர்மிட் ஃபார்ம் ஐந்தைக் கையில் கொடுத்து, திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் இப்பவே கையெழுத்துப் போட்டுக் கொடு, தினமும் உன்னைத் தேடிக்கொண்டு இருக்க முடியாது, என்கிறார் புராஜெக்ட் மேனேஜர். பழைய சூப்பர்வைசர் அப்படித்தான் போட்டாராம். எல்லாம் ஃபார்மாலிட்டிதான் என்கிறார்.

ரூமில் ஒருத்தன் சொல்கிறான், ஏதாவது ஆனால் கையெழுத்துப் போட்டவன்தான் ஜெயிலுக்குப் போவான், 300 வெள்ளிக்கு இது தேவையா என்று. இன்னொருத்தன், கம்பெனி பார்த்துக்கொள்ளும், நீ சும்மா இரு என்கிறான். எங்கள் பாஸும் ஏதோ அரை நாள் சேஃப்டி வகுப்புக்குப் போய் வந்திருக்கிறார், சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறார். ஆனால் சைட்டுக்கு வந்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி "எப்போ காங்கிரீட்?" என்பதுதான்.

நான் கையெழுத்துப் போடலாமா? அந்தக் கோர்ஸில் உருப்படியாக எதுவும் சொல்லித் தருவார்களா, இல்லை பேப்பருக்குத்தானா?

(பெர்மிட் என்று நான் சொல்வது வேலை தொடங்கும் முன் எழுதும் பெர்மிட். எம்ஓஎம், அதாவது இங்கத்திய மனிதவள அமைச்சு, கொடுக்கும் ஒர்க் பெர்மிட் இல்லை. ஊரில் இருந்து படிப்பவர்கள் குழம்ப வேண்டாம்.)

ஜூரோங்_பழசு:

தம்பி, முதலில் அந்த ஐந்து ஃபார்மில் நான்கைத் திருப்பிக் கொடுத்துவிடு. மீதி ஒன்றும், அந்த இடத்தை நீ கண்ணால் பார்த்த பிறகுதான்.

எனக்கு இங்கே 24 வருடம் ஆகிறது, இப்போது சேஃப்டி கோஆர்டினேட்டர். நீ இருக்கும் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன், நானும் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டவன்தான், அதனால் உனக்குப் புத்தி சொல்லும் தகுதி இருக்கிறது என்று எடுத்துக்கொள்.

ஆள் 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடத்தில் வேலை என்றால் பெர்மிட் வேண்டும், இது 2013ல் வந்த உயரவேலை விதிகளில் உள்ளது. அதில் மூன்று பேருக்கு வேலை இருக்கிறது. சூப்பர்வைசர் விண்ணப்பிக்கிறான், சேஃப்டி அசெஸர் சூப்பர்வைசரோடு போய் இடத்தைப் பார்க்கிறார், அதிகாரம் பெற்ற மேனேஜர் பெர்மிட்டைக் கொடுக்கிறார். கொடுத்ததோடு மேனேஜர் வேலை முடிந்துவிடாது, இந்த வேலை இப்படியே தொடரலாமா என்று தினமும் பார்க்க வேண்டியது அவர்தான். பெர்மிட்டின் நகலை வேலை நடக்கும் இடத்தில் ஒட்ட வேண்டும், எழுதிய பாதுகாப்பெல்லாம் கடைசி வரை அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இது உன் பங்கு. இப்போது யோசி. வியாழக்கிழமை அந்த ஸ்லாப் ஓரத்தில் கைப்பிடிக் கம்பி இருக்குமா, யாராவது பொருள் ஏற்றக் கழற்றியிருப்பானா என்று திங்கட்கிழமை காலையில் உனக்கு எப்படித் தெரியும்? தெரியாததைத் தெரியும் என்று எழுதிக் கொடுப்பதுதான் அந்தக் கையெழுத்து.

ஜெயில் விஷயத்தில் உன் ரூம்காரன் சொன்னது பாதி சரி. 2006ல் வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தில் பெரிய சுமை முதலாளி மேல்தான். நடைமுறையில் முடிந்த எல்லாவற்றையும் செய்து ஆட்களைக் காக்க வேண்டியது அவர். தவறினால் கம்பெனிக்கு முதல் தடவை 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், தனி ஆளாக இருந்தால் 2 லட்சம் வரை அல்லது 2 வருடம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். கம்பெனி மாட்டினால் டைரக்டரும் சேர்ந்துதான் மாட்டுவார். தன் சம்மதம் இல்லாமல் நடந்தது, தான் செய்ய வேண்டிய கவனமெல்லாம் செய்தேன் என்று அவரே நிரூபிக்க வேண்டும். அந்த அரை நாள் வகுப்பில் உன் பாஸ் காதில் விழுந்திருக்க வேண்டியது இதுதான். ஆனால் நீயும் தப்பிக்க முடியாது. வேலை செய்யும் எவனும் அலட்சியத்தாலோ வேண்டுமென்றோ அடுத்தவன் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 30,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 2 வருடம் வரை சிறை என்று தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. பார்க்காமல் போட்ட கையெழுத்தை அலட்சியம் என்று சொல்ல ஒருத்தன் பெரிய வக்கீலாக இருக்க வேண்டியதில்லை.

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்றும் தெரிந்துகொள். 2004 ஏப்ரல் 20, நிக்கோல் ஹைவே. எம்ஆர்டி ரயில் பாதைக்காகத் தோண்டிய சுமார் 30 மீட்டர் ஆழப் பள்ளத்தின் முட்டுகள் நொறுங்கி ரோடே உள்ளே போனது. நான்கு பேர் செத்தார்கள். அதில் ஒருவர் போர்மேன், கீழே இருந்த தன் ஆட்களைத் தள்ளித் தள்ளி மேலே ஏற்றிவிட்டார் என்று தப்பித்தவர்கள் சொன்னார்கள், அவர் உடல் கடைசி வரை கிடைக்கவில்லை. அதே ஏப்ரல் கடைசியில் ஃபியூஷனோபோலிஸ் சைட்டில் கம்பிக் கூடு சாய்ந்து இரண்டு பேர், மே மாதம் கப்பல் பட்டறையில் டேங்கர் தீயில் ஏழு பேர். அதற்குப் பிறகுதான் பழைய ஃபேக்டரி சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். முன்பெல்லாம் விபத்து நடந்தால் எந்த விதியை மீறினாய் என்று கேட்பார்கள். இப்போது, ஆபத்து இருக்கிறது என்று உனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்கிறார்கள். அந்தப் போர்மேன் மாதிரி கடைசி நிமிடத்தில் ஆளைத் தள்ளிவிடுகிற நிலைமையே வரக் கூடாது என்பதற்குத்தான் இந்தப் பேப்பர் எல்லாம்.

கம்பிக்கட்டு:

அண்ணே சொல்வதெல்லாம் சரிதான், ஆனால் கோர்ஸைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள். நான் போனேன். ஏசி அறை, ஸ்லைடு ஓடிக்கொண்டே இருக்கிறது, பாதிப் பேர் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்குகிறான், கடைசி நாள் சரியான விடைக்கு வட்டம் போடும் பரீட்சை. சைட்டுக்குத் திரும்பினால் அதே மேனேஜர், அதே "சீக்கிரம் சீக்கிரம்". கோர்ஸால் கார்டு வரும், கார்டால் கம்பெனிக்கு டெண்டர் வரும், நமக்கு வருவது தலைவலிதான். 300 வெள்ளியை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருப்பது நல்லது.

செங்காங்_மேடம்:

கம்பிக்கட்டு தம்பி, தூங்கியது கோர்ஸின் தப்பா 😀

ஆனால் உங்கள் கோபம் நியாயம்தான். நானும் சைட் கோஆர்டினேட்டர், எல்லாரும் மேடம் மேடம் என்பார்கள், சொன்னதைக் கேட்பது பாதிப் பேர். கோர்ஸில் உருப்படியானது என்று நான் நினைப்பதை மட்டும் சொல்கிறேன், மற்றதை ஸ்லைடிலேயே படித்துக்கொள்ளலாம்.

ஆபத்தைக் குறைக்கும் வரிசை ஒன்று சொல்லித் தருவார்கள். முதலில் அந்த ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா, முடியாவிட்டால் மாற்று வழி, அப்புறம் தடுப்பு மாதிரியான கட்டமைப்பு, அப்புறம் விதிமுறை பயிற்சி, எல்லாம் போன பிறகு கடைசியில்தான் ஹெல்மெட் பெல்ட். சைட்டில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். எடுத்ததும் "பெல்ட் போட்டாயா" என்று கத்துகிறோம். கீழேயே கட்டிச் சேர்த்து கிரேனில் தூக்கி வைக்கக்கூடிய வேலையை, மேலே ஆளை ஏற்றிச் செய்ய வைத்துவிட்டுப் பெல்ட்டைப் பற்றிப் பேசுகிறோம்.

அந்தப் பெல்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆலங்குடித் தம்பியின் வேலை இதில்தான் இருக்கிறது. சாதாரணமாக நாம் கொடுக்கும் கயிறு 2 மீட்டர். விழும்போது அதிர்ச்சியைத் தாங்கும் அந்தத் தையல் பை பிரிந்தால் இன்னும் 1.75 மீட்டர் வரை நீளும். முதுகு வளையத்திலிருந்து ஆளின் பாதம் வரை ஒன்றரை மீட்டர். ஒரு மீட்டர் மிச்சம் வேண்டும். கூட்டினால் கொக்கி மாட்டிய இடத்திலிருந்து கீழே 6 மீட்டருக்கு மேல் காலி இடம் வேண்டும். நம் சைட்டில் ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் நடுவில் 3 மீட்டர், கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். ஆள் காலடியில் கொக்கியை மாட்டிவிட்டு நிற்கிறான், சூப்பர்வைசர் தூரத்திலிருந்து பார்த்து எல்லாரும் மாட்டியிருக்கிறார்கள் என்று டிக் அடிக்கிறார், ஆனால் கயிறு இழுத்துப் பிடிப்பதற்கு முன்பே அவன் கீழ் ஸ்லாபில் கிடப்பான். பெல்ட் போட்டும் செத்தான் என்பார்கள். தலைக்கு மேலே மாட்ட வேண்டும், இல்லை தானே சுருட்டிப் பிடிக்கும் வகை வேண்டும், எல்லாவற்றையும்விட நல்லது ஓரத்தில் சரியான தடுப்பு, மேல் கம்பி குறைந்தது 1 மீட்டர் உயரத்தில், கம்பிக்குக் கம்பி இடைவெளி 600 மில்லிமீட்டருக்குள். இந்தக் கணக்கைக் கோர்ஸ் போய் வந்த எத்தனை பேர் சைட்டில் போட்டுப் பார்க்கிறார்கள் என்றுதான் எனக்குச் சந்தேகம். ஆசிரியரிடம் கேளுங்கள், போர்டில் வரைந்து காட்டச் சொல்லுங்கள், அவர் சந்தோஷப்படுவார், தூங்காதவன் ஒருத்தன் கிடைத்தானே என்று.

இன்னொன்று காலை டூல்பாக்ஸ் மீட்டிங், வேலை தொடங்கும் முன் ஆட்களை நிறுத்திப் பாதுகாப்பு பேசுவது. நீங்கள் தமிழில் பேசுவீர்கள், பங்களாதேஷ் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அங்கிளும் தலையாட்டுவார். தலையாட்டல் ஒரு பதிலே இல்லை. நான் செய்வது, பேசி முடித்ததும் ஒருவரைக் கூப்பிட்டு, நீ சொல், இன்று எங்கே மாட்டுவாய், கை வைத்துக் காட்டு என்பேன். பெரும்பாலும் தப்பாகக் காட்டுவார்கள். அங்கேதான் மீட்டிங் ஆரம்பிக்கிறது. ஏழெட்டு நிமிடம் போதும், கையெழுத்துத் தாளை நீட்டுவது அதற்கு அப்புறம்.

சேரும் முன் கோர்ஸ் எந்த மொழியில் என்று சென்டரில் கேட்டுவிடுங்கள். வேலையை நன்றாகத் தெரிந்தவர்கள் ஆங்கிலக் கேள்வித்தாளைப் பார்த்துத் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

சின்ன_கான்ட்ராக்டர்:

நான் உங்கள் பாஸ் நிற்கும் இடத்தில் நிற்பவன். 30 பேர் வைத்து சப்கான்ட்ராக்ட் செய்கிறேன், ஷட்டரும் கம்பியும். இந்தப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன், அடிக்க வராதீர்கள்.

நானும் அந்த அரை நாள் வகுப்புக்குப் போனேன். முன்பு பிஸ்சேஃப் (கம்பெனிகளுக்கான பாதுகாப்புச் சான்று) முதல் நிலை என்று ஒன்று இருந்தது, மூன்றாம் நிலை இல்லாவிட்டால் மெயின் கான்ட்ராக்டர் டெண்டர் தாளே கொடுக்க மாட்டார், அதற்காகத்தான் போனது, மனசாட்சியோடு சொல்கிறேன். 2022ல் வேலையிடத்தில் 46 பேர் செத்தார்கள், செப்டம்பர் 1 முதல் உயர் பாதுகாப்புக் காலம் என்று அறிவித்து 2023 மே 31 வரை ஓட்டினார்கள். அந்தச் சமயத்தில் பெரிய விபத்து நடந்த கம்பெனி மூன்று மாதம் வரை வெளிநாட்டு ஆள் புதிதாக எடுக்க முடியாமல் போகலாம், முதலாளியே எம்ஓஎம் முன்னால் போய் நின்று பதில் சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் டைரக்டர்களின் கடமை என்று ஒரு நடைமுறைக் குறிப்பும் வந்தது. அதற்குப் பிறகு கட்டுமானம், உற்பத்தி, கப்பல், போக்குவரத்து மாதிரியான துறைகளில் முதலாளிமார் வகுப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். 2023ல் சாவு 36 ஆகக் குறைந்தது, 2024ல் மறுபடி 43. பிடி கொஞ்சம் தளர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள்.

வகுப்பில் அபராதம், தண்டப் புள்ளி எல்லாம் சொன்னார்கள். 18 மாதத்தில் 25 புள்ளி சேர்ந்தால் வெளிநாட்டு ஆள் புதிதாக எடுக்க முடியாது. அதெல்லாம் எனக்கு முன்பே தெரியும், பயந்தும் ஆகிவிட்டது. என்னைக் குத்தியது வேறு. பாடம் எடுத்தவர் சும்மா ஒரு கேள்வி கேட்டார், "உங்கள் சைட்டில் பாதுகாப்புக்காகக் கடைசியாக வேலையை நிறுத்தியது யார், என்றைக்கு?" என்று. இருபது முதலாளிகள் உட்கார்ந்திருந்தோம், ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. நான் சொல்ல நினைத்தேன், என் சைட்டில் அந்த மாதிரி தேவை வரவே இல்லை என்று. அப்புறம் யோசித்தேன், மழையில் நனைந்த பிளைவுட் மேல் ஆள் ஏறாத மாதமா? தேவை வராமல் இல்லை, நிறுத்தினால் நான் கத்துவேன் என்று எல்லாருக்கும் தெரியும்.

வந்ததும் சூப்பர்வைசர் இரண்டு பேரையும் கூப்பிட்டு, சந்தேகம் என்றால் நிறுத்து, உன் சம்பளத்தில் கை வைக்க மாட்டேன் என்றேன். பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன், ஆனால் முதல் தடவை ஒருவர் நிறுத்தியபோது கிரேன் வாடகை ஓடுகிறதே என்று போனில் கத்திவிட்டேன். அன்று சாயங்காலம் போய் மன்னிப்புக் கேட்டேன். கேட்காமல் இருந்திருந்தால் அவர் மறுபடி நிறுத்தியிருக்க மாட்டார். அதற்குப் பிறகு எழுத்தில் கொடுத்துவிட்டேன், சூப்பர்வைசராக நியமிக்கிறோம், ஆபத்து என்று பட்டால் வேலையை நிறுத்த இவருக்கு அதிகாரம் உண்டு என்று ஒரு பக்கக் கடிதம்.

உங்கள் பாஸிடமும் அதைக் கேளுங்கள், ஆனால் நேரம் பார்த்து. மெயின் கான்ட்ராக்டர் செக் வந்த அன்றைக்குக் கேளுங்கள், காங்கிரீட் நாளில் கேட்காதீர்கள். நாங்களும் மனிதர்கள்தான், மேலே இருப்பவன் தாமதத்துக்குப் பணம் பிடிக்கிறான், கீழே லெவி (வெளிநாட்டு ஆளுக்கு அரசுக்குக் கட்டும் தீர்வை) ஓடுகிறது, நடுவில் நிற்கிறோம். இது சாக்கு இல்லை, நிலவரம்.

கம்பிக்கட்டு:

முதலாளி சார் நல்லவர் போலிருக்கிறது, ஆள் எடுக்கிறீர்களா 😂

சீரியஸாக ஒன்று. கடிதம் கேட்டால், இல்லை கையெழுத்துப் போட மாட்டேன் என்றால், ஊருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? ஏஜெண்டுக்குக் கட்டிய கடனே இன்னும் முடியாதவன் எத்தனை பேர் இருக்கிறான். கோர்ஸில் இதைச் சொல்லித் தருவார்களா?

ஜூரோங்_பழசு:

நல்ல கேள்வி, கோர்ஸில் இதற்கு நேரான பதில் கிடைக்காது.

சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. பாதுகாப்பு விஷயமாக அதிகாரிகளிடம் போனதற்காகவோ, அவர்கள் விசாரணைக்கு ஒத்துழைத்ததற்காகவோ ஆளை வேலையை விட்டு எடுக்கக் கூடாது, மிரட்டவும் கூடாது. பாதுகாப்புச் சாமானுக்கான காசை உன் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. ஆனால் காண்ட்ராக்ட் முடிந்ததும் புதுப்பிக்காமல் விடுவதை யார் தடுப்பது, நீ சொல்வதும் நடக்கிறதுதான். அதனால் எடுத்ததும் மல்லுக்கு நிற்காதே. முடியாது என்று சொல்லாதே, "வாங்க சார், சேர்ந்து ஒரு நடை பார்த்துவிட்டுப் போடுகிறேன்" என்று சொல். பத்து நிமிடம் அவரும் வெயிலில் நடக்கட்டும். மேனேஜருக்கும் அந்த பெர்மிட்டில் பேர் இருக்கிறது, அவர் மறந்திருப்பார், நினைவுபடுத்து, மரியாதையாக. பார்த்ததைப் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுவிடு, தேதியும் மணியும் தானாக நின்றுவிடும்.

ஆளுக்குக் காயம் பட்டால் மறைக்கச் சொன்னால் மட்டும் எந்தக் காரணத்துக்கும் ஒத்துக்கொள்ளாதே. 2020 செப்டம்பர் முதல், டாக்டர் ஒரு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) கொடுத்தாலும், லைட் டியூட்டி எழுதினாலும், முதலாளி எம்ஓஎம்முக்குத் தெரிவித்தாக வேண்டும். ரூமில் படு, சம்பளம் போட்டுவிடுகிறேன் என்று சொல்லும் இடத்தில் அந்தப் பையனுடைய நஷ்டஈடும் போய்விடும்.

டூவாஸில் 2021 பிப்ரவரி 24 அன்று வெடித்ததே, அதை மறந்துவிடாதீர்கள். மூன்று பேர் போனார்கள், மற்றவர்களுக்குத் தீக்காயம். மாவுத்தூள் கலக்கும் இயந்திரம், அதைச் சுற்றிய எண்ணெய் உறையில் பிரச்சினை, விசாரணைக் கமிட்டி உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னது. அதே இயந்திரம் அதற்கு முன்பே கசிந்தது, சின்னத் தீயும் வந்தது. பெரிய சத்தம் வருவதற்கு முன்னால் சின்னச் சத்தம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கேட்டுவிட்டு வேலையை நிறுத்தும் அதிகாரம் யாரிடமாவது இருந்ததா என்பதுதான் என் கேள்வி, அதனால்தான் முதலாளி சார் சொன்ன கடிதத்தை நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஆலங்குடிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஃபார்ம் நான்கைத் திருப்பிக் கொடுத்தேன். புராஜெக்ட் மேனேஜர், ஒரு மாதத்தில் உனக்கு ரொம்பத் தெரிந்துவிட்டதா என்று கேட்டார். பழசு அண்ணன் சொன்ன மாதிரி, "சேர்ந்து ஒரு நடை பார்க்கலாம் சார்" என்றேன். வரவில்லை, ஆனால் கோஆர்டினேட்டரை அனுப்பினார். திங்கள், செவ்வாய் ஒன்றும் பிரச்சினை இல்லை. வியாழக்கிழமை காலையில் பார்த்தால் ஏழாவது மாடி ஓரத்தில், பொருள் இறக்கும் இடத்தில், தடுப்புக் கம்பி இரண்டு பக்கமும் கழற்றிக் கிடக்கிறது, இரவு வேறு கம்பெனி ஆட்கள் கழற்றியிருக்கிறார்கள். நான் முன்பே கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தப் பேப்பர் அன்றைக்குச் சுவரில் ஒட்டியிருக்கும், எல்லாம் சரியாக இருக்கிறது என்று. உடம்பு கொஞ்சம் நடுங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. திருப்பி மாட்ட 40 நிமிடம் ஆனது, 14 பேரும் கீழே உட்கார்ந்திருந்தார்கள், மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அங்கிள் மட்டும் வந்து ஒரு மைலோ பாக்கெட் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பாஸிடம் கடிதம் கேட்டேன், செக் வந்த நாள் பார்த்துத்தான். "பார்க்கலாம்" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். 300 வெள்ளியைப் பிடிக்கவில்லை, இப்போதைக்கு அது போதும்.

மேடம் சொன்ன பெல்ட் கணக்கை மதியச் சாப்பாட்டில் பையன்களிடம் போட்டுக் காட்டினேன், சுவரில் சாக்பீஸால் வரைந்து. நம் ஆட்களுக்குப் புரிந்தது. பங்களாதேஷ் பையன்களிடம், மேடம் சொன்ன மாதிரி கை வைத்துக் காட்டச் சொன்னேன், ஏழு பேரில் ஐந்து பேர் காலடியைக் காட்டினார்கள். இரண்டு வருடமாக அப்படித்தான் மாட்டுகிறார்களாம்.

கோர்ஸ் அடுத்த திங்கள். அதற்குள் ஒன்று மட்டும் வேண்டும். பெங்காலியில் கொக்கியை மாட்டு, வேலையை நிறுத்து என்பதை எப்படிச் சொல்வது? ஹிந்தியில் சொல்லிப் பார்த்தேன், சிரிக்கிறார்கள்.

செங்காங்_மேடம்:

"ஹூக் லாகாவ்" என்றால் மாட்டு. "காஜ் பொந்தோ" என்றால் வேலையை நிறுத்து. பொந்தோவில் ஓ வரவேண்டும், பந்தோ என்றால் மறுபடி சிரிப்பார்கள். சிரித்தாலும் பரவாயில்லை, அவர்களிலேயே மூத்தவர் ஒருவரைப் பிடித்து மீட்டிங்கில் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், நீங்கள் சொல்ல அவர் சொல்லட்டும்.

வெயில் கூடிவிட்டது, அதையும் பாருங்கள். வெப்ப அளவு, ஈரப்பதமும் வெயிலும் சேர்த்துப் பார்க்கும் அந்த WBGT கணக்கில், 32 டிகிரி தொட்டால் கடினமான வேலை செய்கிறவர்களுக்கு மணிக்குப் பத்து நிமிடம் நிழலில் ஓய்வு கொடுக்க வேண்டும், 33ஐத் தொட்டால் பதினைந்து. மேனேஜர் முகத்தை மறுபடி பார்க்க வேண்டி வரும்.

கம்பிக்கட்டு:

கோர்ஸில் முன் வரிசையில் உட்காராதீர்கள், ஏசி நேராக மேலே அடிக்கும்.